கீரையை நெல் என்று எழுதினேன்

அதிகாரி வரப்பிலிருந்து குனிந்து ஒரு நெற்பயிர்க் கொத்தைப் பிடித்து இழுத்தார். இழுத்தார் என்றுகூடச் சொல்லக்கூடாது. தொட்டார், அது கையோடு வந்துவிட்டது.

வேரில் மண் ஒட்டியிருக்கவில்லை. கறுத்து அழுகி, நனைந்த தேங்காய் நார் மாதிரி தொங்கியது. அவர் அதை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்த்தார். பக்கத்தில் இருந்த இன்னொரு கொத்தைத் தொட்டார். அதுவும் வந்தது.

நாங்கள் பதினொரு குடும்பத்தாரும் சாத்தாங்காட்டுத் தோட்டத்தில், உப்பு பூத்த சேற்றில் கால் புதைய நின்றிருந்தோம். நல்ல வெயில். எனக்கு அப்போது ஐந்தாம் மாதம். வயிற்றுக்குள் பிள்ளை மெல்லப் புரண்டதை உணர்ந்தேன். முதல் தடவையாக அசைந்த அசைவு அது. அதைக்கூட யாரிடமும் சொல்ல முடியாத நேரம்.

அதிகாரி தோல் பையைத் திறந்து ஒரு காகிதக் கட்டை எடுத்தார். ஒவ்வொரு தாளாகப் புரட்டினார். பிறகு நிமிர்ந்து எங்கள் முகங்களைப் பார்த்தார்.

"பதினொரு மனு. பதினொன்றும் ஒரே கையெழுத்து. யார் எழுதியது?"

எழுதியவள் நான்தான்.

பட்டணத்துப் பெண்

போன வாரம் என் கல்யாணக் கதையைப் படித்துவிட்டு ஒரு பழைய சிநேகிதி கேட்டாள்: "ராயபுரத்தில் பிறந்து வளர்ந்தவள், நீ எப்படி சேற்றில் இறங்கினாய்?" இறங்கியதைவிட, இறங்கிய பிறகு அங்கே என்ன செய்தேன் என்பதுதான் எனக்கு இன்னும் நெஞ்சைப் பிசைகிற விஷயம். ஆகவே இந்த வாரம் அது.

என் அப்பாவுக்குத் துறைமுகத்தில் வேலை. கப்பலில் இருந்து இறங்கும் சரக்கைச் சரிபார்த்துச் சீட்டு எழுதுவார். எனக்கு எழுத்து அழகாக வந்தது அவரால்தான். யுத்த காலத்தில் குண்டு விழப்போகிறது என்று பட்டணமே மூட்டை கட்டிக்கொண்டு ஓடியபோது, நாங்களும் பொன்னேரிப் பக்கம் அத்தை வீட்டுக்கு ஓடினோம். திரும்பி வந்ததும் எட்டாவது வரை படித்தேன். அதற்கு மேல் படிக்க வைக்க வீட்டில் யாரும் நினைக்கவில்லை.

அந்த ஓட்டத்தில் நான் பார்த்த பயம் வேறு. வானத்தைப் பார்த்துப் பயந்தோம். எல்லோரும் ஒரே திசையில் பார்த்துப் பயந்ததால் அதில் ஒரு கூட்டுத் தைரியம் இருந்தது. சாத்தாங்காட்டில் எனக்கு வந்த பயத்துக்கு அப்படித் துணை யாருமில்லை.

என் வீட்டுக்காரர் ஏழுமலை அதிகம் பேசமாட்டார். சாத்தாங்காட்டில், திருவொற்றியூர்க்காரர் ஒருவருடைய நிலத்தில் வாய்ப்பேச்சுக் குத்தகைக்குக் கீரை போட்டுவந்தார். முளைக்கீரை, சிறுகீரை, அரைக்கீரை, ஓரத்தில் கொத்தமல்லி. மணல் கலந்த மண், கையால் அள்ளினால் பொலபொலவென்று உதிரும். எங்களைப் போலவே இன்னும் பத்துக் குடும்பங்கள் பாத்தி கட்டியிருந்தன. பதினொரு குடும்பத்துக்கும் மூன்று கிணறு.

விடிவதற்குள் கீரையைப் பிடுங்கி, வேரை அலசி, கட்டுக் கட்டி, கூடையில் அடுக்கி, ஈரச் சாக்கு போட்டு மூடி, பெண்கள் நாங்கள் வண்ணாரப்பேட்டை மார்க்கெட்டுக்கு நடப்போம். பிடரியில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் வடியும். இன்றைக்குச் சாத்தாங்காட்டுப் பக்கம் போனால் இரும்புக் கடைகளும் லாரிகளும்தான். அங்கே கீரை முளைத்தது என்றால் என் பேரப்பிள்ளைகள் நம்புவதில்லை.

உப்பு

சுதந்திரம் வந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. ஐப்பசி கடைசி. இரண்டு நாள் ஓயாத காற்று. எர்ணாவூர்ப் பக்கம் பனைமரங்கள் சாய்ந்து கிடப்பதாகச் சொன்னார்கள். எங்கள் குடிசைக் கூரையைப் பிடித்துக் கட்டுவதிலேயே எங்களுக்கு இரண்டு நாளும் போயிற்று.

மூன்றாம் நாள் காலையில் காற்று நின்றது. வெளியே வந்தால் பாத்திகளைக் காணவில்லை. தோட்டத்தை ஒட்டி ஓடும் கால்வாய் கரை உடைத்து, தோட்டம் முழுக்க ஒரே தண்ணீர். மழைத் தண்ணீர்தான், வடிந்துவிடும் என்று நினைத்து ஒரு கை அள்ளி முகம் கழுவினேன். உதட்டில் கரித்தது.

கடல் தண்ணீர். கால்வாய் வழியாக ஏறி வந்திருக்கிறது.

தண்ணீர் வடிந்தபோது கீரை நின்ற இடத்தில் கொதிக்கும் நீரில் போட்டு எடுத்தது மாதிரி தழை படிந்து கிடந்தது. இரண்டு நாளில் நாற்றம் தாங்கவில்லை. பிறகு வெயில் அடித்து மண்ணின் மேல் வெள்ளையாகப் பூத்தது. விதைக்கு வைத்திருந்த பானையிலும் தண்ணீர் புகுந்து விதை ஊறிப்போயிருந்தது. கிணற்றில் வாளி விட்டு எடுத்தால் அதுவும் உப்பு. நாலு மைல் நடந்துபோய்க் குடிதண்ணீர் கொண்டுவந்தோம்.

ஏழுமலை கிணற்றுக் கட்டையில் உட்கார்ந்து, உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டே இருப்பார். ஒரு தடவை சோறு சாப்பிடக் கூப்பிடப் போனேன். "பயிரு பூட்ச்சின்னா திரும்பப் போடலாம் கஸ்தூரி. கெணறே பூட்ச்சி" என்றார். அன்று முதல் அவரைக் கிணற்றடியில் தனியாக விடுவதில்லை என்று வைத்துக்கொண்டேன்.

தண்டோராவும் ஏஜெண்டும்

அந்த வாரமே தலையாரி தண்டோரா போட்டுக்கொண்டு வந்தார். புயலில் பயிர் அழிந்தவர்களுக்குச் சர்க்கார் உதவி செய்கிறது. நெல், கேழ்வரகு, வேர்க்கடலை பயிரிட்டவர்கள் மனு எழுதிக் கொடுக்க வேண்டும்.

எங்கள் பக்கத்துப் பாத்தி பச்சையம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னே போனாள். நாற்பது வயதிருக்கும். புருஷன் இல்லை. இரண்டு பெண் பிள்ளைகளைக் கீரை விற்றே காப்பாற்றி வந்தவள். மார்க்கெட்டில் அவள் குரலுக்கு எல்லோரும் வழி விடுவார்கள்.

"ஏன் நைனா, கீரைக்கு இன்னா?"

"கீரைக்கு ஒண்ணும் சொல்லலியேம்மா. லிஸ்ட்ல அது இல்ல."

"லிஸ்ட்ல இல்லன்னா? அதுவும் மண்ணுலதான மொளைக்குது? ஆகாசத்துலயா மொளைக்குது?"

அவர் என்ன செய்வார், பாவம். பறையைத் தோளில் மாட்டிக்கொண்டு மாத்தூர்ப் பக்கம் போய்விட்டார்.

நான் அப்பாவிடம் யோசனை கேட்க ராயபுரம் போனேன். போன நேரம், ஒரு இன்சூரன்ஸ் ஏஜெண்ட் அப்பாவுக்கு ஆயுள் பாலிசி எடுக்கச் சொல்லி விளக்கிக்கொண்டிருந்தார். கோட்டு போட்ட, நல்ல மனுஷன். கப்பல் சரக்குக்கும் அவர்கள் கம்பெனியில் இன்சூரன்ஸ் உண்டு என்றார். கடலில் மூழ்கினால் சரக்குக்காரனுக்கு நஷ்டம் இல்லையாம்.

எனக்கு உடனே ஆசை வந்துவிட்டது. "கீரைக்கு எடுக்கலாமா?" என்று கேட்டேன்.

அவர் கேலி செய்யவில்லை. சிரிப்பை அடக்கிக்கொண்டு நிதானமாகச் சொன்னார்: "இன்னைக்கு வெதைச்சு, இருபத்தஞ்சாம் நாள் கொழம்புல போற சரக்கும்மா அது. எது எப்போ எவ்ளோ இருந்துச்சுன்னு யாரு சொல்றது? நெல்லுக்கே இந்த நாட்டுல இன்சூரன்ஸ் இல்ல. கீரைக்கு எந்தக் கம்பெனியும் கையெழுத்துப் போடாது."

டிராமில் பாதி தூரமும் நடையில் மீதியுமாகத் திரும்பி வரும்போது அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். ஊரே தின்கிற ஒன்று யார் கணக்கிலும் இல்லை. அப்படியென்றால் நாங்கள் மட்டும் எந்தக் கணக்கில் இருக்கிறோம்?

பதினொரு தாள்கள்

யோசனை பச்சையம்மாவுடையது. எழுத்து என்னுடையது. இதில் யாருக்குக் குற்றம் அதிகம் என்று அந்த வயதில் எனக்குத் தெளிவாகத் தெரியவில்லை. இப்போது தெரிகிறது.

"நெல்லுன்னு எயுதிடு கஸ்தூரி" என்றாள். "தண்ணி வந்து அல்லாத்தையும் வாரிகினு பூட்ச்சி. அங்க இருந்தது நெல்லா கீரையான்னு வந்து பாக்கறவனுக்கு இன்னா தெரியப்போவுது?"

ஏழுமலை ஒத்துக்கொள்ளவில்லை. "வேணாம்க்கா. மாட்டிக்கினா எயுதினவளத்தான் புடிப்பாங்க. மாசமா கீறா."

பச்சையம்மா வாசல் பக்கம் திரும்பினாள். அவளுடைய சின்னப் பெண் வாசலில் குந்தி, அடுப்பில்லாத வீட்டுப் பிள்ளை மாதிரி விரலைச் சப்பிக்கொண்டிருந்தது. ஏழுமலையும் அதைப் பார்த்தார். நானும் பார்த்தேன். நான் போய்ப் பேனாவை எடுத்து வந்தேன்.

முதல் மனுவில் 'நெல்' என்று எழுதும்போது மை கொட்டியது. இரண்டாவதில் கொஞ்சம் குறைந்தது. ஆறாவது ஏழாவது வந்தபோது, 'கடன் வாங்கி நெல் நட்டேன், கதிர் வரும் சமயம் புயலில் அழிந்தது' என்று யாரும் சொல்லாததைக்கூட நானே சேர்த்து எழுதினேன். கடைசி மனுவை எழுதியபோது என் எழுத்து முத்து முத்தாக இருந்தது. அவ்வளவு சுலபமாகப் பொய் வந்ததை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

மனுக்கள் போன பிறகு பயம் பிடித்துக்கொண்டது. சாலையில் காக்கி நிறத்தில் எது தெரிந்தாலும் குடிசைக்குள் போய்விடுவேன். தபால்காரர் சைக்கிள் மணி கேட்டால் கதவைச் சாத்திக்கொள்வேன். பொய் மனு எழுதினால் எத்தனை வருஷம் என்று யாரிடமாவது கேட்க வேண்டும் போல் இருக்கும். கேட்டால் ஏன் கேட்கிறாய் என்பார்களே என்று கேட்கவும் பயம். ஜெயிலில் பிள்ளை பிறந்தால் அதன் பிறந்த ஊர் என்று எதை எழுதுவார்கள் என்றெல்லாம் யோசிப்பேன்.

நாலாம் நாள் தலையாரி வந்து சொன்னார், அதிகாரி நாளை மறுநாள் நேரில் வந்து பார்க்கிறார் என்று.

உடனே ஆண்கள் ஒரு வண்டி பிடித்துக்கொண்டு மாத்தூருக்குப் போனார்கள். அங்கே உண்மையாகவே நெல் போயிருந்தது. அழுகிக் கிடந்த பயிரைக் கேட்டு வாங்கிக் கட்டுக் கட்டாகக் கொண்டுவந்தார்கள். மறுநாள் பகல் முழுக்க நாங்கள் எல்லோரும் செத்துப்போன நாற்றை வரிசையாக நட்டோம். யாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. உப்புச் சேறு கால் விரலிடுக்கில் புண்ணாக்கி எரிந்தது. பொய்யை எழுதுவது சுலபமாக இருந்தது, நடுவது அப்படி இல்லை.

பேனா

"யார் எழுதியது?" என்று அதிகாரி மறுபடியும் கேட்டார். கண்ணாடி போட்ட இளைஞர். குரலை உயர்த்தவில்லை. அதுதான் எனக்குக் கூடுதல் பயமாக இருந்தது.

ஏழுமலை என் கையைப் பிடித்தார். நான் சேற்றைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"நான்தான் சாமி எயுதினேன்."

பச்சையம்மா. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு அவர் எதிரே போய் நின்றாள். அவளுக்கு 'அ' கூடத் தெரியாது. பதினொரு மனுவில் ஒன்றின் கீழ் அவளுடைய கட்டைவிரல் ரேகைதான் இருந்தது.

அதிகாரி அவளைப் பார்த்தார். சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து மூடியைக் கழற்றினார். ஒரு தாளைப் பையின் மேல் வைத்து நீட்டினார்.

"உங்க பேரை எழுதுங்கம்மா."

அவள் பேனாவை வாங்கினாள். களைக்கொட்டைப் பிடிக்கிற மாதிரி உள்ளங்கையில் இறுக்கிப் பிடித்தாள். தாளில் முனையை வைத்தாள். அழுத்தினாள். மை ஒரு பொட்டாக ஊறி, பெரிதாகிக்கொண்டே போனது. அவள் கையை எடுக்கவில்லை. அவள் கழுத்தில் வியர்வை இறங்குவதை நான் பார்த்தேன். மார்க்கெட்டில் யாருக்கும் அஞ்சாதவள், எனக்காக எழுத்துத் தெரியாத கையோடு நிற்கிறாள்.

"அக்காவுக்கு எழுதத் தெரியாது" என்றேன். "நான்தான் எழுதினேன். நெல்லு இல்லைங்க. கீரை. இந்த நாத்து மாத்தூர்ல இருந்து கொண்டாந்து நேத்து நட்டது. கீரைன்னு எழுதினா ஒண்ணும் கெடைக்காதுன்னு பொய் எழுதிட்டேன். இவங்க யாருக்கும் படிக்கத் தெரியாது. என்னை மட்டும் இட்டுகினு போங்க."

ஒரே மூச்சில் சொன்னேன். பிறகு கண் இருட்டிக்கொண்டு வந்தது. ஏழுமலை தாங்கிக்கொண்டார். அப்படியே சேற்றில் உட்கார்ந்துவிட்டேன்.

அதிகாரி காலடியில் கிடந்த நாற்றை ஒதுக்கித் தள்ளினார். பச்சையம்மா கையிலிருந்து பேனாவை மெதுவாக வாங்கிக்கொண்டார். பிறகு அவர் கேட்டது யாரும் எதிர்பாராதது.

"தண்ணீர் எங்கே இருந்து பாய்ச்சுவீர்கள்?"

ஏழுமலை கிணற்றைக் காட்டினார். அதிகாரி அங்கே நடந்தார். வாளியில் தண்ணீர் எடுக்கச் சொன்னார். உள்ளங்கையில் வாங்கி வாயில் விட்டார். சட்டென்று துப்பிவிட்டு, கைக்குட்டையால் உதட்டைத் துடைத்துக்கொண்டார். மற்ற இரண்டு கிணற்றுக்கும் போய் அதே மாதிரி வாயில் விட்டுப் பார்த்தார். மூன்று தடவையும் முகம் சுளித்தார்.

திரும்பி வந்து என் முன் நின்றார்.

"கீரைக்கு நான் எதுவும் கொடுக்க முடியாது. எனக்கு வந்த உத்தரவில் அது இல்லை. ஆனால் கிணறு கெட்டதற்கு வழி இருக்கிறது. புதிதாக எழுதுங்கள். உள்ளதை உள்ளபடி. மேலே அனுப்புகிறேன், என்ன வரும் என்று எனக்குத் தெரியாது."

"அந்தப் பழைய மனு...?" என்றார் ஏழுமலை.

"அதில் ஆபீஸ் முத்திரை விழுந்துவிட்டது. நான் கிழிக்க முடியாது. அதுவும் போகும்."

அங்கேயே, கிணற்றடியில் உட்கார்ந்து மறுபடியும் பதினொரு மனு எழுதினேன். இந்தத் தடவை எழுத்து கோணல்மாணலாக வந்தது.

காத்திருப்பு

அதற்குப் பிறகு வந்த நாட்களைப் பற்றி எழுதக் கை வரவில்லை. பொய்யும் என் கையெழுத்தில், அதை ஒத்துக்கொண்டதும் என் கையெழுத்தில். இரண்டும் எங்கோ ஒரு மேஜையில் சேர்ந்து கிடக்கின்றன. நிலக்காரர் காதுக்கு விஷயம் போய், "கேஸு கீஸுன்னு வந்தா நெலத்த வுட்டுப் போயிடணும்" என்று ஆள் விட்டுச் சொன்னார். அந்த ஒரு வார்த்தையால் பத்துக் குடும்பமும் என்னைப் பார்த்த பார்வை மாறியது. யாரும் திட்டவில்லை. பேச்சைக் குறைத்துக்கொண்டார்கள். பச்சையம்மா மட்டும் தினமும் வந்து உட்கார்ந்து, நான் சாப்பிடும் வரை எழுந்துபோக மாட்டாள்.

மார்கழி முடியும் சமயம் தாலுகா ஆபீஸிலிருந்து ஆள் வந்தது. பதினொரு பேரும் வர வேண்டும், மனு எழுதியவரும் வர வேண்டும்.

நான் ஒரு துணியில் மாற்றுப் புடவை ஒன்று, சீப்பு, கொஞ்சம் வெல்லம் வைத்து முடிந்துகொண்டேன். ஏழுமலை முடிச்சைப் பார்த்தார். வழியெல்லாம் அவர் என்னைவிட ஓர் அடி முன்னால் நடந்தார், எதிரே வருகிறதெல்லாம் முதலில் தன் மேல் மோதட்டும் என்பதுபோல.

ஆபீஸில் அந்த இளைஞர் இல்லை. வேறு ஊருக்கு மாற்றலாகிப் போய்விட்டாராம். ஒரு வயதான குமாஸ்தா, சிவப்பு நாடாவால் கட்டிய கட்டைப் பிரித்தார். மேலே என் பழைய மனுக்கள். முத்து முத்தான எழுத்து.

அவர் அவற்றைப் புரட்டிக்கொண்டே போனார். ஒவ்வொன்றின் குறுக்கேயும் சிவப்பு மையில் ஏதோ எழுதியிருந்தது. தலைகீழாகவே படித்தேன். 'மனுதாரர்கள் தாங்களாகவே முன்வந்து திருத்திக் கொண்டார்கள்.' கீழே அந்த அதிகாரியின் கையொப்பம்.

தாங்களாகவே முன்வந்து. அவர் கையில் அழுகிய நாற்று இருந்ததைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

குமாஸ்தா புதிய தாள்களை எடுத்து வைத்தார். மூன்று கிணற்றையும் இறைத்துத் தூர்வாரச் சர்க்கார் ஏற்பாடு செய்யும். விதையும் கிடைக்கும். பயிர் நஷ்டத்துக்கு எதுவும் இல்லை. "ரேகை வெச்சுட்டுப் போங்க, நேரமாவுது" என்றார்.

"படிச்சுச் சொல்லிட்டு வெக்கறோம்" என்றேன். என் குரலா அது என்று எனக்கே ஆச்சரியம். அவர் முறைத்தார். நான் ஒவ்வொரு தாளையும் எடுத்து, அந்தந்த ஆளைக் கூப்பிட்டு, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை சத்தமாகப் படித்தேன். படித்து முடித்த பிறகே ஒவ்வொருவரும் ரேகை வைத்தார்கள். பதினொன்று முடிய மத்தியானம் ஆகிவிட்டது.

பச்சையம்மாவின் தாளை நான் படித்து முடித்ததும் அவள் கேட்டாள்: "பயிருன்னு போட்டு இன்னாமோ சொன்னியே, திரும்பப் படி."

"பயிர், கீரை வகைகள்."

"அப்டியே கீதா?"

"அப்டியே கீது."

அவள் மையில் விரலை அழுத்தி, பிறகு தாளில் அழுத்தினாள்.

தை மாதத்தில் கிணறு இறைத்தார்கள். மூன்று தடவை இறைத்தும் கரிப்பு போகவில்லை. நாலாவது தடவைக்குப் பிறகு கொஞ்சம் குறைந்தது. இரண்டு குடும்பம் காத்திருக்க முடியாமல் மில் வேலைக்குப் போய்விட்டது. எனக்குப் பங்குனியில் பெண் பிறந்தாள். சித்திரையில் போட்ட கீரை பாதிதான் முளைத்தது, அதையும் விற்றோம்.

அடுத்த ஐப்பசியில் காற்று திரும்பியது. கால்வாயில் தண்ணீர் ஏறுகிறது என்று யாரோ சொன்னார்கள். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு பச்சையம்மா வீட்டு வாசலில் போய் நின்றேன்.

"அக்கா, எனக்குப் பயமா கீது."

"எனக்குந்தான்" என்றாள். அவள் மண்வெட்டியை எடுத்தாள். குழந்தையை அவள் பெரிய பெண்ணிடம் கொடுத்துவிட்டு நான் கூடையை எடுத்தேன். மழை வருவதற்குள் இரண்டு பேரும் கால்வாய் ஓர வரப்பை உயர்த்தப் போனோம்.